செத்தவனின் ஸ்டேக்கைச் சாப்பிடுகிறவன் கல்நெஞ்சனா?

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களில் தவறவிடக் கூடாதது என்று பலர் சொன்னதால் 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்' (1939) பார்த்தேன். கூட வேலை பார்த்த விமானி கண்ணெதிரே விழுந்து சாகிறான். கொஞ்ச நேரத்திலேயே, அவன் தனக்காகச் சொல்லி வைத்திருந்த ஸ்டேக்கை, அதாவது மாட்டிறைச்சித் துண்டை, நாயகன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அப்புறம் எல்லாரும் பியானோவைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். ஈரமே இல்லாத இந்த ஆட்களை வீரர்களாகக் காட்டும் படத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? விமானங்கள்கூடப் பொம்மை மாதிரி இருக்கின்றனவே?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. துக்க வீட்டில் அடுப்பே மூட்டாமல், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதை இரண்டு வாய் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். அந்த ஸ்டேக் நமக்கு நெஞ்சில் குத்தத்தான் செய்யும். முதல் தடவை பார்த்தபோது நானும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனவன்தான். இரண்டு வருடம் கழித்துத்தான் மீதியைப் பார்த்தேன். கடைசி இருபது நிமிடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டேக் காட்சிக்கு வந்தபோது, முன்பு பார்த்த காட்சியாக அது தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டதால் முடிவு வரை பேசலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: தென் அமெரிக்காவில் பர்ராங்கா என்று ஒரு துறைமுகம். கற்பனை ஊர்தான். அங்கே 'டச்சுக்காரர்' என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெரியவர் கடை வைத்திருக்கிறார். மதுக்கடை, சாப்பாட்டுக்கடை, விடுதி, விமானக் கம்பெனி ஆபீஸ் எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ்தான். கம்பெனியை நடத்துவது ஜெஃப் கார்ட்டர். கேரி கிராண்ட் நடித்திருக்கிறார். கையில் இருப்பது பழைய விமானங்கள், வேலை ஆண்டிஸ் மலைக் கணவாயைத் தாண்டித் தபால் கொண்டுபோவது. குறித்த தேதிவரை ஒரு நடைகூடத் தவறாமல் தபால் போய்ச் சேர்ந்தால்தான் அரசாங்க ஒப்பந்தம் கிடைக்கும். தவறினால் டச்சுக்காரர் கடையை மூட வேண்டியதுதான்.

இனி அந்த ராத்திரி. கப்பலில் வந்த பானி லீ (ஜீன் ஆர்தர்) கொஞ்ச நேரம் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இறங்குகிறாள். ஜோ, லெஸ் என்ற இரண்டு விமானிகள் அவளோடு சாப்பிடப் போட்டி போடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜோவைத் தபாலோடு அனுப்புகிறான் ஜெஃப். திரும்பி வந்து சாப்பிடுகிறேன் என்று ஸ்டேக் சொல்லிவிட்டுப் போகிறான் ஜோ. மேலே போனால் கணவாய் அடைத்துக் கிடக்கிறது. திரும்பச் சொல்கிறார்கள். திரும்புவதற்குள் விமானத்திடல் முழுக்க மூடுபனி.

கீழே நின்று இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே, எங்கே இருக்கிறாய், எவ்வளவு உயரம் என்று வயர்லெஸ்ஸில் வழிகாட்டுகிறான் ஜெஃப். ஒரு கட்டத்தில், இறங்காதே, மேலேயே சுற்று, டேங்கில் எரிபொருள் இருக்கிறது, பனி விலகட்டும் என்று உத்தரவே போடுகிறான். ஜோ கேட்கவில்லை. விடிந்தால் கப்பல் போய்விடும், கப்பலோடு அந்தப் பெண்ணும் போய்விடுவாள். இன்னொரு தடவை முயல்கிறேன் என்று இறங்குகிறான். மரத்தில் மோதுகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஜோவைக் கொன்றது வெறும் பனி இல்லை. காத்திருந்தால் பிழைத்திருக்க வழி இருந்தது. 1930களில் சின்னத் திடல்களில் பனியில் விமானத்தை இறக்கித்தர எந்தக் கருவியும் கிடையாது. ஜேம்ஸ் டூலிட்டில் 1929 செப்டம்பரிலேயே கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டார் என்றாலும், அது சோதனை. அந்த வசதி ஊர் ஊராக வந்துசேரப் பல வருடம் ஆனது. பனி வந்தால் மேலே சுற்று, இல்லாவிட்டால் வேறு திடலுக்குப் போ, இரண்டும் முடியாவிட்டால் பாராசூட்டில் குதி. ஒரு விமானிக்கு அன்று கையில் இருந்தது இவ்வளவுதான்.

பானி அழுகிறாள், தன்னால்தானே செத்தான் என்கிறாள். ஜெஃப் என்ன செய்கிறான்? ஆமாம், உன் தப்புதான் என்று ஆரம்பித்து அடுக்குகிறான். நீ அவனோடு சாப்பிடுவதாக இருந்தாய், டச்சுக்காரர் அவனை வேலைக்கு எடுத்தார், நான் அனுப்பினேன், பனி வந்தது, மரம் குறுக்கே நின்றது, எல்லாம் உன் தப்புதான், மறந்துவிடு. கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பெண்ணொருத்தி வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் பாரத்தை ஒரே மூச்சில் பத்துப் பேருக்கும் ஒரு மரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறான் அவன். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் சொல்லும் ஆறுதல் அது. பிறகு ஸ்டேக் வருகிறது. அது ஜோவுடையதாயிற்றே என்று பானி பதறும்போதுதான் அந்த வாக்கியம் வருகிறது: யார் ஜோ?

அவன் செத்ததற்குக் காரணம் திறமை போதாததுதான் என்றும் சொல்கிறான். படத்திலேயே கொடூரமான பேச்சு இதுதான். ஆனால் இதை அந்த அறையில் இருக்கும் மற்ற விமானிகளின் காதால் கேட்டுப் பாருங்கள். நாளைக் காலை அதே கணவாய்க்கு அவர்களில் ஒருவன் போயாக வேண்டும். ஜோ செத்தது விதி என்றால் நாளை எனக்கும் அதே விதிதான். ஜோ செத்தது ஒரு தப்பான முடிவால் என்றால், நான் அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்து பிழைத்துக்கொள்ளலாம். இந்த நினைப்பு இல்லாமல் அந்த வேலையில் ஒருவனும் ஏணியில் காலை வைக்க மாட்டான். சுரங்கத்தில், ஆழ்கடலில், உயர்மின்கம்பத்தில் வேலை செய்கிறவர்களும் விபத்து நடந்ததும் அவன் என்ன தப்புச் செய்தான் என்றுதான் முதலில் கேட்பார்கள். செத்தவனைப் பழிக்க அல்ல, மறுநாள் வேலைக்குப் போக.

இது சினிமாவுக்காகக் கட்டிய கதை இல்லை. ஆண்டிஸ் தபால் உண்மையிலேயே அப்படித்தான் ஓடியது. சிலியின் சாந்தியாகோவுக்கும் அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்கும் நடுவில் அகோன்காகுவா சிகரம் 6,961 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அன்றைய தபால் விமானங்களால் அதற்கு மேலே ஏற முடியாது. கணவாய்களில் நுழைந்து போக வேண்டும். 1930 ஜூனில், அங்கே கடும் குளிர்காலம், பிரெஞ்சுத் தபால் கம்பெனி ஏரோபோஸ்தாலின் விமானி ஆன்ரி கியோமே பனிப்புயலில் சிக்கி டயமாந்தே ஏரிக்கரையில் இறங்கினார். விமானம் கவிழ்ந்தது. ஐந்து பகல் நான்கு இரவு பனியில் நடந்தே மலையை விட்டு வெளியே வந்தார். நடுவில் விழுந்து, போதும், இங்கேயே தூங்கிவிடலாம் என்று கிடந்தவரை எழுப்பியது என்ன தெரியுமா? இன்ஷூரன்ஸ். உடல் கிடைக்காவிட்டால் சட்டப்படி இறந்தவராக அறிவிக்க நான்கு வருடம் ஆகும், அதுவரை மனைவிக்குப் பணம் வராது. ஐம்பது மீட்டர் முன்னால் ஒரு பாறை தெரிந்தது. அதில் போய்ச் சாய்ந்துகொண்டால் கோடையில் பனி உருகும்போது உடல் கிடைக்கும். பாறை வரைக்கும் போவோம் என்று எழுந்தவர், எழுந்த வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார். அவருடைய நண்பர், தபால் விமானியான எழுத்தாளர் செந்த் எக்சுபெரி இதைப் பதிவு செய்த புத்தகம் வெளிவந்ததும் இந்தப் படம் வந்த அதே 1939இல்தான்.

அந்தப் பாறையை நினைத்துக்கொண்டு ஜெஃபின் ஸ்டேக்கைப் பாருங்கள். பிரியம், பயம் எல்லாவற்றையும் கையில் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையாக மாற்றிக்கொள்வது. பாறை வரை நட. ஸ்டேக்கை வெட்டு, மெல்லு, விழுங்கு.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கு இது வெளியிலிருந்து பார்த்த உலகம் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் டெக்சாஸில் ராணுவ விமானப் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய தம்பி கென்னத் ஹாக்ஸும் இயக்குநர். 1930 ஜனவரி 2 அன்று கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பால் பசிபிக் மேலே ஒரு பாராசூட் காட்சியை எடுக்கும்போது படப்பிடிப்பு விமானங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதின. கென்னத் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அண்ணன் அதே வருடம் போர் விமானிகளைப் பற்றி 'தி டான் பேட்ரோல்' எடுத்து வெளியிட்டார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் யார் ஜோ என்ற காட்சியை எழுதவைத்து எடுத்த மனிதர், தம்பி வானத்திலிருந்து விழுந்து செத்த பிறகும் விமானப் படம் எடுக்கப் போனவர் என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திறமை இருந்தால் பிழைக்கலாம் என்ற ஜெஃபின் கொள்கையைப் படம் முதல் அரை மணி நேரத்தில் நாட்டிவிட்டு, அடுத்த ஒன்றரை மணி நேரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது.

உடைப்பது இரண்டு பேர். ஒருவர் கிட், ஜெஃபின் மிக நெருங்கிய தோழர், வயதில் மூத்தவர். தாமஸ் மிட்சல் நடித்தது. அதே வருடம் 'ஸ்டேஜ்கோச்' படத்துக்காகத் துணைநடிகர் ஆஸ்கர் வாங்கினார், என் கணக்கில் இதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். கிட்டுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. நீ இனிப் பறக்கக் கூடாது என்று அவரிடம் ஜெஃப் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜோ செத்தபோது ஆடாத முகம் அங்கே ஆடுகிறது.

இன்னொருவர் புதிதாக வேலைக்கு வரும் பேட் மெக்ஃபர்சன். பழைய பெயரை மறைத்துக்கொண்டு வருகிறார். ஒரு தடவை விமானம் விழப்போகும்போது கூட இருந்த மெக்கானிக்கை விட்டுவிட்டுப் பாராசூட்டில் குதித்தவர். அந்த மெக்கானிக் வேறு யாரும் இல்லை, கிட்டின் தம்பி. கடையில் ஒருவரும் அவரோடு உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள். திட்டுவதுமில்லை, அடிப்பதுமில்லை, வெறுமனே விலகிக்கொள்கிறார்கள். நடித்தவர் ரிச்சர்ட் பார்தெல்மெஸ், மௌனப்பட காலத்துப் பெரிய நட்சத்திரம். 1939இல் அவரைக் கிட்டத்தட்ட எல்லாரும் மறந்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஊரே தெரிந்து வைத்திருந்த முகம், இப்போது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருகிறது. வசனம் குறைவு. நிற்கிற விதத்திலேயே அவமானம் தெரிகிறது.

ஆபத்தான வேலை எல்லாம் ஜெஃப் அவருக்கே கொடுக்கிறான். மலை உச்சியில் ஒரு சுரங்கத்துக்கு டாக்டரை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி நினைவிருக்கிறதா? குறுகிய மேட்டில் இறங்கி, திரும்ப ஏறும்போது ஓடுவதற்கு இடம் போதாமல் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் சரிந்து, சரிகிற வேகத்தில் இறக்கை காற்றைப் பிடித்து மேலே வருகிறது விமானம். அது பொம்மை இல்லை, நிஜ விமானம். வான்காட்சிகளுக்குத் தலைமை விமானியாக இருந்தவர் பால் மான்ட்ஸ். அவரும் 1965இல் வேறொரு படத்துக்காகப் பறக்கும்போது விழுந்து இறந்தார். மற்றபடி நீங்கள் சொல்வது சரிதான், இரவுக்காட்சிகளில் வருவது சிற்றுருவ விமானங்கள், பார்த்தாலே தெரிகிறது. அந்த வருடம்தான் தந்திரக்காட்சிகளுக்கென்று ஆஸ்கரில் தனிப் போட்டி வைத்தார்கள். அதில் இந்தப் படமும் இருந்தது, பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அந்தப் பொம்மைகள் பெரிதாக உறுத்துவதில்லை, ஏனென்றால் ஹாக்ஸ் அந்த நேரத்தில் கேமராவைப் பெரும்பாலும் கீழே காத்திருக்கிறவர்களிடம்தான் வைத்திருப்பார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் முகங்கள்தான் அங்கே காட்சி.

கடைசி நடைக்கு ஜெஃபே போவதாக இருந்தது. பானி கையிலிருந்த துப்பாக்கி தவறி வெடித்து அவன் தோளில் பட்டுவிடுகிறது. பேட் போகிறார், கூடவே கிட். தம்பியைச் சாகவிட்டவரோடு அண்ணன். கணவாயில் மலைக்கழுகு ஒன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே மோதுகிறது. கிட்டின் கழுத்து முறிகிறது, விமானம் பற்றிக்கொள்கிறது. குதித்தால் பேட் பிழைக்கலாம். இந்தத் தடவை குதிக்கவில்லை. கை வெந்தபடியே விமானத்தைத் திடலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

கிட் சாகிறார். அவருக்குத் திறமை போதாதா? அங்கிருந்தவர்களில் அவரைவிட அனுபவசாலி கிடையாது. முடிவில் தப்பா? அதுவும் இல்லை. கண்ணாடியில் ஒரு பறவை மோதியது, அவ்வளவுதான். ஜோவுக்குச் சொன்னதை ஜெஃபால் கிட்டுக்குச் சொல்ல முடியவில்லை. சாகும் நேரத்தில் கிட் எல்லாரையும் வெளியே அனுப்பச் சொல்கிறார். முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டிய நாளில் யாரும் பார்க்க வேண்டாம் என்று தோன்றியதே, அதுபோல இதுவும் புதிது, சரியாகச் செய்வேனோ தெரியவில்லை, யாரும் பார்க்க வேண்டாம் என்கிற பொருளில் பேசுகிறார். சாவைக்கூட ஒரு வேலையாக, ஒழுங்காகச் செய்ய வேண்டியதாக நினைக்கிற மனிதர். ஜெஃப் எழுந்து வெளியே போகிறான், தோழர் கேட்டபடி தனியே விட்டுவிட்டு. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

பிறகு கிட்டின் சாமான்களை வைத்துக்கொண்டு ஜெஃப் இருக்கும்போது பானி உள்ளே வருகிறாள். அவன் கண்ணில் நீர். யார் ஜோ என்று கேட்ட அதே ஆள். யார் கிட் என்று அவன் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. ஸ்டேக்கைச் சாப்பிட்ட ராத்திரியிலும் இந்தக் கண்ணீர் அவனுக்குள்ளேதான் இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே கடையில் பேட்டுக்கு ஒரு கிளாஸ் நீட்டுகிறார்கள். மன்னித்தோம் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அப்புறம் அந்தக் காசு. ஜெஃப் எந்தப் பெண்ணிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருப்பவன். சிகரெட்டுக்குத் தீப்பெட்டிகூட அவனிடம் ஒருபோதும் இருப்பதில்லை, யாராவது பற்றவைக்க வேண்டும். போகட்டுமா இருக்கட்டுமா, நீ கேட்டால் இருக்கிறேன் என்று பானி நிற்கும்போதும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கணவாய் திறந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அவனுக்குத் தோளில் காயம், லெஸ்ஸுக்கும் ஒரு கை சரியில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கை. கிளம்பும் அவசரத்தில் காசைச் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் நீ இரு என்கிறான். தலை. காசை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறான். என்னை ஒரு சுண்டுக்கு விட்டுவிட்டானே என்று மனசு விட்டுப் போன பிறகுதான் அவள் காசைத் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் தலை. கிட் வைத்திருந்த காசு அது.

குறை இல்லாத படம் என்று நான் சொல்ல மாட்டேன். பர்ராங்கா மக்கள் பாட்டுப் பாடவும் கூட்டத்தில் நிற்கவும் மட்டுமே வருகிறார்கள். அவர்கள் மண்ணில் நடக்கும் கதையில் அவர்களில் ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாழ்க்கை கிடையாது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். பெண்களிடம் ஜெஃப் நடந்துகொள்ளும் விதமும் அப்படித்தான். ரீட்டா ஹேவொர்த் பேட்டின் மனைவியாக வருகிறார், அவர் கவனம் பெற்ற முதல் பெரிய படம் இது, ஆனால் அவர் தலையில் தண்ணீரைக் கொட்டும் காட்சியை இன்று ரசிக்க முடிவதில்லை. ஜீன் ஆர்தருக்கும் ஹாக்ஸுக்கும் படப்பிடிப்பில் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்களின் வட்டத்துக்குள் முழுசாக ஒட்டாமல் அவர் நிற்பது படத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். நீங்களும் நானும் கோபப்படும் இடத்திலெல்லாம் நமக்காகக் கோபப்பட அங்கே ஒருத்தி இருக்கிறாளே.

இதே வழியில் மேலும் பார்க்க விரும்பினால், ஹாக்ஸே எடுத்த 'டைகர் ஷார்க்' (1932) பாருங்கள். எட்வர்ட் ஜி. ராபின்சன் கலிபோர்னியச் சூரை மீனவராக வருவார். கதை சாதாரணம்தான். ஆனால் படகின் ஓரத்தில் வரிசையாக நின்று, மூங்கில் கழியால் சூரையைத் தூக்கித் தலைக்கு மேலே பின்னால் வீசுகிற காட்சிகள் நிஜமாக எடுத்தவை, அதற்காகவே பார்க்கலாம். மின்கம்பத் தொழிலாளிகளைப் பற்றி ஹென்றி ஃபோண்டா நடித்த 'ஸ்லிம்' (1937) இருக்கிறது. அதை இந்தப் படத்துக்கு அடுத்த நாளே பார்த்தால், வேலை முடிந்து கம்பத்திலிருந்து இறங்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.